பெடலில் நான் சொன்ன பொய்

நம் வேலையைப் பற்றி வெளியாரிடம் சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அப்ப நீங்க பிளேன் ஓட்டுவீங்களா?" முப்பத்தோரு வருடம் இதற்கு இல்லை, இல்லை என்று சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நான் விமானத்தில் ஏறியதே இரண்டு முறைதான். இரண்டு முறையும் நடுச்சீட்டு. விமானி ஆக ஆசைப்படுகிறவர்களை அந்த மெஷின் தேர்வுக்குத் தயார் செய்து அனுப்புவதோடு நம் வேலை முடிந்தது. ஓடுதளம் வரைகூட நாம் போவதில்லை. நீங்களும் போகப்போவதில்லை, அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பயிற்சி மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் கையெழுத்துப் போட்டு எனக்கு எழுதியிருந்தீர்கள். என்னிடம் இருக்கும் பழைய பயிற்சி நாற்காலி வேண்டும், கூடவே பணி அனுபவத்தையும் எழுதித் தரவேண்டும் என்று. நாற்காலியை லாரியில் ஏற்றிவிட்டேன். அனுபவம் என்று வந்தால் தேறிப் போனவர்களின் பெயரைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். அவர்களை எல்லாம் மையத்துச் சுவரில் போட்டோவாக மாட்டியிருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் இல்லாத ஒருத்தியைப் பற்றித்தான் நான் எழுதப்போகிறேன்.

உங்களில் இன்னும் மெஷினில் உட்கார்ந்து பார்க்காதவர் இருந்தால் அவருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாற்காலி. எதிரே ஒரு திரை. திரையில் ஓரிடத்தில் நிற்காமல் அலையும் ஒரு புள்ளி. கையில் இருக்கும் லீவர் புள்ளியை மேலும் கீழும் நகர்த்தும். காலடியில் இரண்டு பெடல்கள். இடது பெடலை அழுத்தினால் புள்ளி இடப்பக்கம் போகும், வலதை அழுத்தினால் வலப்பக்கம். அதை நடுவில் இருக்கும் கட்டத்துக்குள் பிடித்து வைக்கவேண்டும். அதே நேரத்தில் காதில் ஒரு குரல் எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும், அதையும் விடக்கூடாது. சொன்னால் வீடியோ கேம் மாதிரி இருக்கும். உட்கார்ந்தால் இரண்டாவது நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு உலகத்தில் யாரும் இல்லை. அம்மா இல்லை, அப்பா இல்லை, நாமும் இல்லை. விமானப்படைக்கு ஆள் எடுக்கும் தேர்வில் இந்த மெஷினுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்புதான். நேர்முகத்தில் விட்டால் மறுபடி எழுதிப் போகலாம். மெஷினில் விட்டால் விமானம் ஓட்டும் ஆசைக்கு அன்றோடு முழுக்கு. காசு கட்டிப் படிக்க வசதி உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வழி கிடையாது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் அதிகம் பேசமாட்டார், பேசினால் தப்பாகப் பேசமாட்டார். நான் சேர்ந்த முதல் வருடம் ஒரு பையன் தேர்வுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு, "தம்பி, லீவரை விரல் நுனியில பிடிக்கிற, உள்ளங்கை முழுசா வெச்சுப் பிடி" என்று வாசலில் வைத்துச் சொன்னேன். பையன் அங்கே போய் உட்கார்ந்து கையைப் பற்றியே யோசித்ததில் காதில் விழுந்த எண்களை எல்லாம் கோட்டைவிட்டான். திரும்பி வந்து அவனே சொன்னான். நம்மிடம் அப்படித் திரும்பி வருகிறவர்கள் அபூர்வம். தேறியவர்களுக்கு வர நேரம் இருக்காது, தேறாதவர்களுக்கு வர மனம் இருக்காது.

பெரியவர் என்னைத் திட்டவில்லை. "கெளம்பற அன்னைக்குப் புதுசா எதையும் சொல்லாதீங்க" என்றார், அவ்வளவுதான். அதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். அதன்பின் ஒரு தடவைகூட மீறவில்லை. மீறியே ஆகவேண்டிய ஒரு நாள் வந்தது, அன்றைக்கும் மீறவில்லை.

ஓய்வு பெற்றதும் கொல்லிமலைக்குக் குடிவந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ராசிபுரம் பக்கம் தங்கை குடும்பம் தோட்டத்தில் இருக்கிறது, பொங்கலுக்குக் கூப்பிடுவாள், போய்விட்டு மறுநாள் வந்துவிடுவேன். முப்பது வருடம் ஹெட்போன் சத்தத்தையும் டவுன் சத்தத்தையும் கேட்ட காதுக்குக் கொஞ்சம் அமைதி வேண்டும் என்று வாசலூர்பட்டி ஏரிக்கு மேலே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். கேட்டதைவிட அதிகமாகவே அமைதி கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் படகுத்துறையில் டூரிஸ்ட் கூட்டம் போடும் கூச்சல் என் வீடு வரை கேட்கும். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. மூன்றாவது மாதம் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். மழைக்காலம் வந்தால் அந்தக் கூட்டமும் வராது. பால்காரர் கேனை மூடுவதற்குள் "இன்னைக்குக் குளிர் ஜாஸ்தி" என்பதை இரண்டு தடவை சொல்லிவிடுவேன். அவர் "ஆமாங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு ஆமாங்கவை வைத்துக்கொண்டு நான் சாயங்காலம் வரை ஓட்டவேண்டும்.

விடைபெறும்போது மையத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள், ஓரமாகக் கிடந்த பழைய நாற்காலியையும் கொடுத்தார்கள். லீவர், பெடல் எல்லாம் பொருத்தியது, கம்ப்யூட்டரில் மாட்டினால் ஓடும். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி அதைக் கொண்டுவந்த வண்டிக்காரர் இறக்கும்போது கேட்டார்: "ஏனுங்க, பல்லுப் புடுங்கற சேருங்களா இது?" பைலட் ஆகிறவர்கள் பழகும் நாற்காலி என்றேன். மலை முழுக்க அந்தச் செய்தியைப் பரப்பியவர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

அப்படித்தான் கோகிலா வந்தாள். ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு, கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வாசலில் நின்றாள்.

"ஏனுங்க சார், பைலட்டுச் சேரு வெச்சிருக்கறது நீங்கதானுங்களா?"

இருபத்துமூன்று வயது. மலையிலேயே குண்டூர் நாட்டில் ஒரு சின்ன ஊர். அப்பா சில்வர் ஓக் மரங்களில் ஒற்றை மூங்கில் ஏணி சாத்தி ஏறி மிளகு பறிக்கிறவர். சொந்தமாகக் கொஞ்சம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் சாமையும் போடுகிறார்கள். கீழே ஹாஸ்டலில் தங்கி என்ஜினீயரிங் முடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எழுத்துத் தேர்வு எழுதித் தேறியிருந்தாள். கவருக்குள் அழைப்புக் கடிதம் இருந்தது. மெஷினுக்கு ஐந்து வாரம் பாக்கி.

உட்காரச் சொன்னேன். நான் பார்த்த நூற்றுக்கணக்கான ஆட்களில் அப்படி ஒரு காதை நான் பார்த்ததில்லை. எண் ஒன்றைக்கூட விடவில்லை. கை அதைவிட நிதானம். எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் அவள் கால்? புள்ளி இடப்பக்கம் ஓடினால் வலது காலை அழுத்தித் திருப்பவேண்டும். அவள் ஒவ்வொரு தடவையும் இடது காலை அழுத்தினாள். புள்ளி திரையின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

ஏன் அப்படி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள்.

"சின்னப்புள்ளையில பேரிங் வண்டி ஓட்டுவமுங்க சார். பலகையில உக்காந்து, முன்னாடி கட்டையில ரெண்டு காலையும் வெச்சுக்கிட்டு எங்கூர் எறக்கத்துல விடுவம். எடது கால முன்னால தள்ளுனா வண்டி வலது பக்கந்தானுங்க திரும்பும். அந்தப் பழக்கமோ என்னமோ."

அதேதான். சமவெளியில் வளர்ந்த பையன்களுக்கு இந்தப் பிரச்சினை வந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் ஊரில் காலால் வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்க ஏது இறக்கம்? இவள் ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை தினமும் அப்படி இறங்கியிருக்கிறாள். தப்பினால் பள்ளம். அப்படிக் கற்றுக்கொண்டதைக் கால் லேசில் விடாது.

நாலு நாள் முயன்றோம். நாலாவது நாள் அவள் நாற்காலியை விட்டு இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டே, "இது எனக்கு ஒத்துவராதுங்க சார். உங்களுக்கும் வீண் செரமம்" என்றாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அந்த இரண்டு நாளைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் வந்த நான்கு நாளும் வீட்டில் இன்னொரு குரல் இருந்தது. இரண்டு தம்ளர் கழுவவேண்டியிருந்தது. மூன்று மணி ஆகும்போது ஜன்னல் பக்கம் போய் நின்றால் பஸ் சத்தம் கேட்கும். அவள் வராத அந்த இரண்டு மத்தியானங்களிலும் நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பஸ் வந்தது, யாரும் இறங்கவில்லை. வாய்விட்டு அழாத குறைதான்.

மூன்றாம் நாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். பயிற்சிப் புரோகிராமில் பெடலின் திசையை மாற்றுவதற்கு ஒரு கட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் டிக் போட்டால் இடது பெடல் புள்ளியை வலப்பக்கம் நகர்த்தும். டிக் போட்டேன். பிறகு சிக்னல் கிடைக்கும் பாறை வரை ஏறிப்போய் அவளுக்குப் போன் செய்தேன்.

"கண்ணு, உன் கால்ல ஒண்ணுமில்ல. மெஷின்லதான் கோளாறு. பெடல் ஒயரு மாறியிருக்கு. நான் இப்பத்தான் பார்த்தேன், செரி பண்ணிட்டேன். நீ வா."

"நெசமாலுங்களா சார்?" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதில் எது தப்பு, எது தப்பில்லை என்று பிரித்துச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். டிக் போட்டது தப்பில்லை. கால் தடுமாறுகிறவருக்கு ஒரு வாரம் பெடலை அவர் வசதிக்குத் திருப்பிக் கொடுத்து, கையையும் காதையும் பலப்படுத்திவிட்டு, பிறகு சரியான திசைக்குக் கொண்டுவருவது நாம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்வோம். நான் சொல்லவில்லை. சொன்னால், "அப்ப என் காலு தப்புத்தானுங்களே" என்று வராமலே இருந்துவிடுவாளோ என்று பயந்தேன். ஒரு வாரம் கழித்துச் சொல்லிவிடலாம், திங்கள்கிழமை சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கோகிலா வந்தாள். பெடல் அவள் காலோடு ஒத்துப்போனது. புள்ளி கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பயிற்சி முடிந்ததும் ஐந்தரை மணி பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருப்போம். அவித்த குச்சிக்கிழங்கு கொண்டுவருவாள். நான் டீ போடுவேன். அவள் ஊரில் எந்த மரத்தில் எந்தக் கொடி எப்போது காய்க்கும், அவள் அப்பா ஏணியில் ஏறும்போது அம்மா ஏன் மேலே பார்க்கமாட்டாள், எல்லாம் சொல்வாள். நான் என் இரண்டு விமானப் பயணத்தையும் இழுத்து இழுத்துச் சொல்வேன்.

முதல் திங்கள்கிழமை வந்தது. சொல்லவில்லை. இரண்டாவது திங்கள்கிழமை உறுதியாக டிக்கை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளே நுழையும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"சார், நேத்து எங்கப்பாகிட்டச் சொல்லிப்போட்டனுங்க. பைலட்டுப் பரீட்சைன்னதும் அப்படியே உக்காந்துட்டாருங்க. காலு மொதல்ல வரல, மெஷினு கோளாறு, சார் செரி பண்ணிக் குடுத்தாருன்னேன். அந்தச் சாரை நான் பாக்கோணும் சாமின்னாருங்க."

அவள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன நேரத்தில் நான் டிக்கை மறுபடியும் போட்டேன்.

பிறகு நான் திங்கள்கிழமைகளை எண்ணவில்லை. மறந்துபோய்விட்டது என்று சொல்லித் தப்பித்துவிடலாம். உங்களிடம் அந்தச் சப்பைக்கட்டு வேண்டாம். நான் மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் எனக்கு நினைவிருந்தது. சரியான திசைக்குத் திருப்பினால் அவள் முகம் வாடும், இன்னும் ஒரு நாள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன். அவள் சிரிப்பதற்காக என்றுகூடச் சொல்லமுடியாது. அவள் சிரிப்பதை நான் பார்ப்பதற்காக.

கிளம்பும் நாள் வந்தது. சேலத்தில் ரயில் ஏறி, மறுநாள் முழுக்கப் பயணம் செய்து, அதற்கடுத்த நாள் காலையில் மெஷின். செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். ஏதோ ஒரு வளைவில் லாரி மாட்டிக்கொண்டதால் பஸ் ஒரு மணி நேரம் தாமதம் என்றார்கள். கடவுளாகப் பார்த்துக் கொடுத்த ஒரு மணி நேரம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது எனக்குச் சித்திரவதையாக இருந்தது.

கோகிலா சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, துணிப்பையைக் கீழே வைத்து, அதன்மேல் இரண்டு பாதங்களையும் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். வாய்க்குள் "எடப்பக்கம் ஓடுது, எடது காலு" என்று சொல்லிச் சொல்லி அழுத்திப் பழகினாள். அவ்வளவு கவனமாக, அவ்வளவு தப்பாக. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. ரயிலில் அதே பையை வைத்து அவள் சரியான திசையில் பழகியிருப்பாள். முழுதாக வராது, பாதியாவது வந்திருக்கும். அவள் புத்திக்கு அந்தப் பாதி போதும். கோபித்துக்கொண்டிருப்பாள், என் முகத்தில் விழித்திருக்கமாட்டாள், ஆனால் தெரிந்துகொண்டு உள்ளே போயிருப்பாள். இதெல்லாம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே எனக்குத் தெரிந்தது.

பஸ் ஹாரன் கேட்டது. அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டு கேட்டாள்: "கடைசியா எதாச்சுஞ் சொல்லோணுமுங்களா சார்?"

கிளம்புகிற அன்றைக்குப் புதிதாக எதையும் சொல்லக்கூடாது. என் பெரியவர் சொன்ன விதி, சட்டென்று வந்து கைகொடுத்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. ராத்திரி நல்லாத் தூங்கு. அது போதும்" என்றேன்.

பெரியவர் இப்போது இல்லை. இருந்தால் என்னை ஒரு பார்வை பார்த்திருப்பார். புதிதாகச் சொல்லாதே என்றுதான் அவர் சொன்னார். போட்ட பொய்யை எடுக்காதே என்று அவர் சொல்லவே இல்லை. ஒரு நல்ல மனிதர் அனுபவப்பட்டுச் சொன்ன விதியை என் கோழைத்தனத்தின் மேல் போர்த்தி மூடினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் பாறை மேல் நின்றிருந்தபோது போன் வந்தது. ரயில் நிலைய அறிவிப்புச் சத்தம் பின்னால் கேட்டது. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"சார், மொத நாளு உங்க மெஷின்ல கோளாறு எதும் இல்லீங்கல்ல?"

அங்கே தேர்வுக்கு முன் ஒரு நிமிடம் தொட்டுப் பார்க்கவிடுவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கவேண்டும். பெடல் எந்தத் திசை என்பது மட்டுமா புரிந்திருக்கும், நான் யார் என்பதும்தான். இரண்டையும் சுமந்துகொண்டு அவள் அந்தப் புள்ளியைப் பிடிக்கப் பார்த்திருக்கிறாள், தனியாக.

"இல்ல கண்ணு, எதுவும் இல்ல" என்றேன்.

"செரிங்க சார்" என்றாள். போன் வைக்கப்பட்டது. அதன்பிறகு நான் அழைத்தபோது எடுக்கவில்லை. இரண்டு தடவைக்கு மேல் அழைக்க எனக்கு முகமும் இல்லை.

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்வது? பெடலின் திசையை மாற்றிக் கொடுத்தால் அப்போதே சொல்லிவிடுங்கள், எந்த நாளில் மறுபடி மாற்றுவோம் என்பதையும் அவரை வைத்துக்கொண்டே முடிவு செய்யுங்கள் என்று சொல்லலாம். அதை மேனுவலிலேயே எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லவருவது மேனுவலில் இல்லாதது. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் சந்தோஷம் உங்களுக்குத் தேவைப்பட ஆரம்பித்துவிட்டால், அந்த நிமிடமே அவரை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். நமக்கு அவர்மேல் அக்கறை இருக்கலாம், இருக்கவும்வேண்டும். அவர் வராவிட்டால் நம் மத்தியானம் என்ன ஆகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் நாம் பயிற்சி கொடுக்கிறவர் இல்லை. அவரை அடைத்து வைத்திருக்கிறவர்.

நீங்கள் நாலு பேர் இருக்கிறீர்கள். ஒருவரிடம் ஒருவர் பேசிக்கொள்ளுங்கள். டீக்கடைக்குச் சேர்ந்து போங்கள், சண்டை போடுங்கள், சினிமாவுக்குப் போங்கள். உங்கள் தனிமையை அந்த அறைக்கு வெளியே வைத்துவிட்டு வாருங்கள். எனக்கு முப்பத்தோரு வருடமும் அறைக்கு வெளியே வைக்க ஓர் இடம் இருக்கவில்லை. அதைக் காரணமாகச் சொல்லவில்லை, எச்சரிக்கையாகச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அவள் போன் செய்து பத்து நாள் இருக்கும். காலையில் கதவைத் தட்டும் சத்தம். பால்காரர் என்று நினைத்துத் திறந்தேன். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர், வெள்ளை வேட்டியும் துவைத்த சட்டையும். கையில் ஒரு மஞ்சள் பை. பாதத்தின் நடுவில் ஏணிப்படி அழுத்தி அழுத்தித் தடித்துப்போன தழும்பு. அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாங் கோகிலாவோட அப்பனுங்க" என்றார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். தரையிலேயே உட்கார்ந்தார். நானும் எதிரே தரையில் உட்கார்ந்தேன். பையை என் பக்கம் தள்ளினார். புது மிளகு.

"பாப்பா வெளியூருக்கு வேலைக்குப் போயிருச்சுங்க. கெடைக்கலீன்னு தெரியுமுங்களா சார்?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

"சார் சொல்லிக் குடுத்ததெல்லாம் செரியாத்தான் இருந்துச்சாமுங்க. அதோட காலுதான் சின்ன வயசுப் பழக்கத்துல மாறிப் போயிருச்சாம். பேரிங் வண்டிப் பழக்கமுன்னு சொல்லுச்சுங்க." இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "அந்த வண்டியச் செஞ்சு குடுத்தது நாந்தானுங்க சார். நாமக்கல்லுல ஒர்க்சாப்புல பழைய பேரிங்கு கேட்டு வாங்கியாந்து, நானே பலகை அறுத்துச் செஞ்சது. புள்ள வெளையாடட்டுமேன்னு. அது இப்படிப் போயி முடியுமுன்னு எனக்கெங்கீங்க தெரியும்? ராத்திரியெல்லாம் அதே நெனப்புங்க. என்னாலதானுங்களே புள்ளைக்குக் கெட்டுப்போச்சு."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. பழியைத் தன் கால்மேல் போட்டுக்கொண்டாள். அது இந்த மனிதரின் தலையில் வந்து விழும் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு சேதமும் இல்லை. மிளகை வாங்கிக்கொண்டு, விதிங்க, விடுங்க என்று இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஏணியில் ஏறும்போதெல்லாம் அவர் அந்த வண்டியை நினைத்துக்கொண்டே ஏறுவார். அவ்வளவுதான்.

சொன்னேன். டிக் போட்டதையும், ஒயர் கோளாறு என்று பொய் சொன்னதையும், ஒவ்வொரு திங்கள்கிழமையாகத் தள்ளிப்போட்டதையும், பஸ் ஸ்டாண்டில் அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததையும், எதையும் விடாமல் சொன்னேன். வண்டியில் ஒரு தப்பும் இல்லை, இருந்த நாலு வாரத்தில் மாற்றியிருக்கக்கூடிய பழக்கம்தான், மாற்றவிடாமல் செய்தவன் நான் என்று சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏனுங்க சார் அப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. புரிந்துகொள்வதற்காகவே கேட்டார்.

"நிஜத்தச் சொன்னா வராம நின்னுருவாளோன்னு பயந்துட்டேனுங்க. இங்க பேச்சுத்தொணைக்கு ஒருத்தரும் இல்லீங்க" என்றேன். அறுபத்துமூன்று வயதில் இன்னொரு மனிதரிடம் அப்படிச் சொல்லவேண்டியிருந்தது.

அவர் எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். மிளகுப் பையைத் திருப்பி எடுக்கவில்லை, அதைப் பார்க்கவும் இல்லை. வாசலைத் தாண்டியவர் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"அதையே பாப்பாகிட்டச் சொல்லியிருந்தா, பரீட்சை இல்லாட்டியும் வந்திருக்குமுங்களே சார். நானும் வந்திருப்பேன்."